அண்டை முறிவும் காரணம் நாடலும்: திசைவிகளின் உறவு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

அண்டை, அயல் என்னும் இரு சொற்களும் தமிழில் இணைந்தே வழங்குகின்றன. அண்டுதல் என்பது நெருங்குதல். நெருங்கி இருப்பது அண்டை; அதனைக் கடந்து இருப்பது அயல். இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கும்போது வீட்டையும் வயலையுமே நாம் எடுத்துக்காட்டாகக் கூறிவந்தோம். கணிப்பொறி வலையமைப்பிலும் அண்டை என்பதற்குத் துல்லியமான ஒரு பொருள் உண்டு என்பதனை எம் பழைய மாணவர் ஒருவர் வாயிலாகவே அறிந்தோம்.

நாம் வாழும் கொட்டிவாக்கத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை. தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் அச்சாலை நெடுகிலும் கணிப்பொறி அலுவலகங்கள் பெருகின. கணிப்பொறி அறிவியல் பயின்ற காலத்தில் பகுதி ஒன்று தமிழை எம்மிடம் கற்ற அம்மாணவர், இன்று அவ்வலுவலகங்கள் ஒன்றில் வலையமைப்பைக் கண்காணிக்கும் பணியில் இருக்கிறார். ஒரு மாலைப்பொழுதில் அவர் எம் இல்லம் வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். இரவுப் பணிக்குப் புதிதாகச் சேரும் இளைஞர் பலர் தமிழ்வழியில் பயின்றவர்கள். ஆணைச் சொற்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தட்டுகின்றனரேயன்றி, எதற்காகத் தட்டுகிறோம் என்பதை அறிந்திலர். அவர்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள்.

நாம் பொறியாளர் அல்லோம். எனினும் அவரோடு பல மாலைகள் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, ஐயங்களை வினவித் தெளிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்தி அளிக்கிறோம்.

திசைவியும் அண்டையும்

ரௌட்டர் எனப் பொறியாளர் வழங்கும் கருவியே திசைவி. தன்னிடம் வரும் தகவல் பொதி எத்திசையில் செல்லவேண்டும் என முடிவு செய்து அனுப்புவது அதன் தொழில். உலகம் முழுவதற்குமான வழியை எந்தத் திசைவியும் தானே நேரில் சென்று அறிவதில்லை. தன் அண்டைத் திசைவி சொல்வதைக் கேட்டே அறிகிறது. அவ்வண்டை தன் அண்டையிடம் கேட்டிருக்கும். இவ்வாறு ஊரின் செய்தி வீடு வீடாகப் பரவுவது போல வழிச்செய்தி பரவுகிறது. ஆதலின் ஓர் அண்டை உறவு முறிந்தால் முறிவது அவ்விரு கருவிகளின் தொடர்பு மட்டுமன்று. அவ்வழியே அறியப்பட்ட ஊர்கள் அனைத்தும் மறைகின்றன.

இவ்வுறவை நடத்துவதற்கு வகுக்கப்பட்ட நெறிமுறைகள் பல. அவற்றுள் இரண்டு இன்றியமையாதவை. ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் பெரிதும் வழங்குவது ஓ.எஸ்.பி.எஃப்.; ஜான் மோய் எழுதிய அதன் இரண்டாம் பதிப்பின் இன்றைய வரையறை 1998 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 2328 என்னும் ஆவணமாக வெளிவந்தது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே வழங்குவது பி.ஜி.பி.; கிர்க் லோகீட், யாக்கோவ் ரெக்டர் ஆகிய இருவரும் 1989-இல் அதன் முதல் வரையறையை எழுதினர். 2003-இல் நிறுவப்பட்ட நிக்சி என்னும் இணையச் சந்திப்பு அமைப்பின் தொடக்க மையங்களுள் சென்னையும் ஒன்று. வெவ்வேறு இணைய நிறுவனங்களின் திசைவிகள் அத்தகைய மையங்களில் அண்டையராய் இருந்து பி.ஜி.பி. வழியே உரையாடுகின்றன.

நலம் உசாவும் முறை

அண்டையர் இருவரும் குறித்த கால இடைவெளியில் ஒருவரை ஒருவர் நலம் உசாவுகின்றனர். பொதுவான ஈதர்நெட் இணைப்பில் ஓ.எஸ்.பி.எஃப். பத்து வினாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ அனுப்புவதே பெரும்பாலான கருவிகளின் வழக்கம். நாற்பது வினாடி வரை மறுபுறத்திலிருந்து ஹலோ வரவில்லையெனில் அண்டை இறந்துபட்டதாகக் கொள்ளும். பி.ஜி.பி.யிலும் இத்தகைய உயிர்ப்புச் செய்தி உண்டு. சிஸ்கோ கருவிகளில் அது 60 வினாடிக்கு ஒருமுறை செல்லும். 180 வினாடி மௌனம் நீடித்தால் உறவு முறிக்கப்படும். இம்மௌன எல்லையைக் காத்திருப்புக் காலம் எனலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். திசைவி அறிவது மௌனத்தை மட்டுமே. மௌனத்தின் காரணத்தை அது அறியாது. அண்டை மின்சாரம் இன்றி அணைந்திருக்கலாம். இடைவழிக் கம்பி அறுந்திருக்கலாம். அண்டை பேசியும் அப்பேச்சு வந்து சேராமல் இருக்கலாம். மூன்றுக்கும் பதிவேட்டில் விழுவது ‘காத்திருப்புக் காலம் கழிந்தது’ என்னும் ஒரே வரிதான். அவ்வரியைக் கண்டவுடன் அண்டையைக் குற்றவாளியாக்குவதே புதியவர்கள் செய்யும் முதற்பிழை.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தன. அவற்றுள் ஒன்றாகிய சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறுவது. அன்று இந்தியாவின் இணையம் பெரிதும் தளர்ந்தது. சென்னையில் இருந்த திசைவியும் பழுதுபடவில்லை. ஐரோப்பாவில் இருந்த திசைவியும் பழுதுபடவில்லை. குறை இடைவழியில் இருந்தது.

உறவு எந்தப் படியில் நிற்கிறது?

ஓ.எஸ்.பி.எஃப். உறவு படிப்படியாக வளர்வது. நின்றுவிட்ட படியே நோயின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதற்படி, அண்டையின் குரல் நமக்குக் கேட்கிறது. ஆயின் அவர் ஹலோவில் நம் பெயர் இல்லை. ஹலோ அனுப்பும் ஒவ்வொரு திசைவியும் தான் யார் யார் குரலைக் கேட்டது என்னும் பட்டியலை உடன் அனுப்பும். அப்பட்டியலில் தன் பெயரைக் கண்ட பின்னரே இருவழித் தொடர்பு உண்டெனத் திசைவி நம்பும். ‘இனிட்’ எனப்படும் இப்படியில் உறவு நின்றால், நம் குரல் மட்டும் மறுபுறம் சேரவில்லை எனக் கொள்ளவேண்டும். ஒளியிழை இரட்டையில் ஒன்று மட்டும் பழுதாதல், நம் பொதிகளை மறுபுறத்து வடிகட்டி தடுத்தல் ஆகியன இதற்குக் காரணமாகும்.

அண்டையாகவே ஏற்கப்படாத நிலையும் உண்டு. ஹலோ இடைவெளி, இறப்புக் காலம், பகுதி எண், பொதுவான வலைகளில் வலைமுகமூடி, கடவுச்சொல் ஆகியன இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒருபுறம் பத்து வினாடியும் மறுபுறம் முப்பது வினாடியும் இருப்பின் இருவரும் ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்தும் அண்டையர் ஆகார்.

இருவழித் தொடர்பு வந்த பின்னர் வழிக்குறிப்புகளைப் பரிமாறத் தொடங்கும் படியில் உறவு திரும்பத் திரும்ப நிற்குமாயின், பொதியின் மிகுதியான அளவைக் குறிக்கும் எம்.டி.யு. இருபுறமும் ஒத்திருக்கிறதா எனக் காணவேண்டும். ஒருவர் 1,500 பைட்டும் மற்றவர் 9,000 பைட்டும் கொண்டிருந்தால், சிறியதை உடையவர் பெரியவரின் குறிப்பை ஏற்கமாட்டார். ஹலோ சிறியதாதலின் அது தடையின்றிச் செல்லும். நலம் உசாவல் நடக்கும். கொடுக்கல் வாங்கல் நடவாது.

இரு திசைவிகளுக்கு ஒரே அடையாள எண் இடப்பட்டிருப்பதும் தொல்லை தரும். ஒரே தெருவில் ஒரே கதவிலக்கம் இரு வீடுகளுக்கு இருந்தால் அஞ்சற்காரர் படும் பாட்டை இதனோடு ஒப்பிடலாம்.

நோயல்லாத ஒன்றையும் நோயெனக் கருதிவிடலாகாது. பல திசைவிகள் ஒரே வலையில் கூடியிருக்கும்போது, தலைமைத் திசைவியோடும் அதன் துணைத் திசைவியோடும் மட்டுமே ஏனையவை முழு உறவு கொள்ளும். மற்றவை தமக்குள் இருவழித் தொடர்போடு நின்றுவிடும். அது இயல்பு.

முறியும் கால இடைவெளி

உறவு ஒருமுறை முறிந்து மீளாதிருப்பது ஒருவகை. முறிந்து, கூடி, மீண்டும் முறிவது மற்றொரு வகை. பின்னதைப் பொறியாளர் ‘ஃப்ளாப்’ என்கின்றனர். கதவு காற்றில் அடித்துக்கொள்வது போன்ற இந்நிலையை நாம் ‘படபடப்பு’ எனக் குறித்தோம். மாணவர்க்கு அச்சொல் உடனே விளங்கியது.

படபடப்பில் முதற்கண் நோக்கத்தக்கது கால இடைவெளி. காத்திருப்புக் காலத்துக்கு ஏறத்தாழச் சமமான இடைவெளியில் ஒழுங்காக முறியுமாயின், ஏதோ ஒருவகைச் செய்தி ஒரு திசையில் சேரவில்லை எனலாம். அலுவல் மிகுந்த பொழுதுகளில் மட்டும் முறியுமாயின், நெரிசலில் உயிர்ப்புச் செய்தி உதிர்கிறதா, திசைவியின் செயலி திணறுகிறதா எனக் காணவேண்டும். மழையோடும் காற்றோடும் முறியுமாயின், இணைப்பு முனைகளையும் ஒளியின் வலிமையையும் சோதிக்கவேண்டும். கடற்காற்றின் உப்பு செப்பு முனைகளை அரிப்பதனைக் கொட்டிவாக்கத்தில் வாழ்வோர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

உறவு முழுமையடைந்த சில வினாடிகளிலேயே முறியுமாயின், வேறொரு காரணத்தையும் எண்ணவேண்டும். பொதுவழியின் ஊடே ஒரு மறைவழி அமைத்து அதன் வாயிலாக அண்டையர் ஆவதுண்டு. அம்மறைவழியின் மறுமுனைக்குச் செல்லும் பாதையை அவ்வண்டையிடமிருந்தே திசைவி கற்றுக்கொண்டால், மறைவழியை அடைய மறைவழிக்குள்ளேயே புகவேண்டியதாகும். உடனே அது முறியும், கற்றது மறக்கப்படும், பழைய பாதை திரும்பும், உறவு கூடும், மீண்டும் கற்கும், மீண்டும் முறியும்.

மூன்று நிமிட நிகழ்ச்சி

எம் மாணவர் பணியாற்றும் அலுவலகத்தில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அவ்வலுவலகத்தின் திசைவியும் கோவைக் கிளையின் திசைவியும் பி.ஜி.பி. அண்டையர். ஒருநாள் இரவு முதல் அவ்வுறவு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முறிந்து முறிந்து கூடியது. சென்னைப் பதிவேட்டில், காத்திருப்புக் காலம் கழிந்ததெனக் கூறி அண்டையே தொடர்பை முறித்ததாக வரி வரியாய்ப் பதிவாகியிருந்தது. முறித்தது கோவை, ஆகவே குற்றம் கோவையினுடையது என்று தீர்ப்பாயிற்று. கிளையில் தனியொருவராய்ப் பணியாற்றிய இளைஞரிடம் எழுத்து வழியே விளக்கம் கேட்கப்பட்டது. அவர் பணியில் சேர்ந்து ஆறு திங்களே ஆகியிருந்தன.

இணைப்பைச் சோதித்தனர். சிறு பொதிகள் அனைத்தும் குறைவின்றிச் சென்று மீண்டன. ‘கம்பி நன்றாக உள்ளது’ என்றனர். பின்னர்க் காத்திருப்புக் காலத்தைச் சென்னையில் ஆறு நிமிடமாக உயர்த்தினர். பயன் இல்லை, பி.ஜி.பி.யில் இருபுறத்துக் காலங்களுள் குறைந்ததே நடைமுறைக்கு வரும். கோவையிலும் உயர்த்தினர். அதன் பின் உறவு ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை முறிந்தது! பலர் இதனை முன்னேற்றம் என்று கருதி மகிழ்ந்தனர். எம் மாணவர் மட்டும் ஐயுற்றார். காலத்தை இரட்டித்தவுடன் முறிவும் இரட்டித்த இடைவெளியில் வருமாயின், உறவு கூடிய சற்று நேரத்திலேயே செய்தி நின்றுவிடுகிறது. எஞ்சிய பொழுதெல்லாம் வெறுங்காத்திருப்பே என அவர் உணர்ந்தார்.

பி.ஜி.பி. தன் செய்திகளை டி.சி.பி. என்னும் முறையின்மேல் அனுப்புகிறது. அம்முறையில் முன் அனுப்பியது சேராமல் பின் அனுப்பியது உரியவரிடம் ஒப்படைக்கப்படாது. உயிர்ப்புச் செய்தி 19 பைட்டே உடையது. ஆனால் உறவு கூடியவுடன் சென்னைத் திசைவி தன் வழிப்பட்டியலைப் பெரும்பொதிகளாக அனுப்பும். அப்பெரும்பொதி இடையில் உதிர்ந்தால், அதன் பின்னே வரும் உயிர்ப்புச் செய்திகளும் கோவைக்கு எட்டா. கோவை முழுக் காலமும் காத்திருந்து, விதிப்படி முறிக்கும். முறித்தவர் கோவையார், முறியச் செய்தது வேறு.

அவர் பொதியைக் கூறுபடுத்தலாகாது என்னும் குறியோடு 1,500 பைட்டுப் பொதி அனுப்பினார், சேரவில்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1,476-இல் சேர்ந்தது. எஞ்சிய 24 பைட்டு ஜி.ஆர்.இ. எனப்படும் மறைவழி தன் பொதிக்கு இடும் மேலுறையின் அளவு. உறவு படபடத்த முதல் இரவில்தான் இணைப்பு தந்தவர் அதனை அத்தகைய மறைவழிக்கு மாற்றியிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. ‘பொதி பெரிது’ என இடைத்திசைவி திருப்பி அனுப்பிய அறிவிப்பையோ சென்னையின் பாதுகாப்புச் சுவரே தடுத்துவிட்டிருந்தது. அவ்வறிவிப்புக்கு வழிவிட்டு, டி.சி.பி. துண்டின் அளவை 1,436 பைட்டாகக் குறைத்தவுடன் படபடப்பு அடங்கியது. கோவை இளைஞரிடம் கேட்ட விளக்கம் திரும்பப் பெறப்பட்டது. இருபுறத்துப் பதிவேட்டையும் முதல் நாளே சேர்த்து நோக்கியிருந்தால் அது கேட்கப்பட்டே இராது.

அடக்குதலும் அதன் விளைவும்

காரணத்தை நாடாது அறிகுறியை அடக்கும் மனப்பாங்கு ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. இணைய வரலாற்றிலேயே அதற்கொரு பெரும்பாடம் உண்டு.

1990-களில் வழிகளின் படபடப்பு உலகெங்கும் திசைவிகளைத் திணறச் செய்தது. இதற்கு மருந்தாக 1998 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2439 வெளிவந்தது. அதனை எழுதிய மூவருள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இரமேஷ் கோவிந்தன் என்பது நமக்குப் பெருமை தருவது. படபடக்கும் வழிக்கு ஒவ்வொரு முறையும் தண்டப்புள்ளி இடுவது இம்முறை. சிஸ்கோ கருவியின் வழக்கப்படி ஒரு முறிவுக்கு 1,000 புள்ளி. 2,000-ஐக் கடந்தால் அவ்வழி ஒதுக்கப்படும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி பாதியாகும். 750-க்குக் கீழ் இறங்கிய பின்னரே வழி மீண்டும் ஏற்கப்படும்.

முறை அழகியதுதான். ஆயினும் நான்காண்டுகளில் அதன் குறை வெளிப்பட்டது. 2002-இல் அதே கோவிந்தன் வேறு மூவரோடு இணைந்து எழுதிய ஆய்வு, ஒரே ஒருமுறை முறிந்து கூடிய குற்றமற்ற வழியும் ஒரு மணி நேரம் வரை ஒதுக்கப்படக்கூடும் எனக் காட்டியது. ஒரு முறிவுச் செய்தி பல அண்டையர் வழியே சுற்றிச் சுற்றி வருங்கால் தொலைவில் உள்ள திசைவிக்கு அது பல முறிவுகளாகத் தோன்றுகிறது என்பதே காரணம். தாம் துணைநின்று வகுத்த முறையின் குறையைத் தாமே ஆராய்ந்து உலகறியச் செய்த அந்நேர்மை ஆய்வு மாணவர் அனைவரும் போற்றத்தக்கது. 2006-இல் ஐரோப்பாவின் ரைப் அமைப்பைச் சார்ந்த குழு இம்முறையைக் கையாளவேண்டா எனப் பரிந்துரைத்தது. 2014-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7196, ஒதுக்கும் எல்லையை 6,000 புள்ளிக்குக் குறையாமல் உயர்த்தினால் பயன்படுத்தலாம் என்றது. மருந்து தீதன்று; அளவு தீதாயிருந்தது.

ஒரு பிழைக்காக உறவை முறிக்கலாமா?

2009 பிப்ரவரி 16 அன்று செக் நாட்டின் சிறு நிறுவனம் ஒன்று தன் வழி அறிவிப்பில் தன் எண்ணைச் சிலமுறை அடுக்கிச் சொல்ல விரும்பியது. எத்தனை முறை என்று குறிக்கவேண்டிய இடத்தில் தன் எண்ணாகிய 47868-ஐயே இட்டுவிட்டனர். அவ்வெண்ணை 256-ஆல் வகுத்தால் மீதி 252. அத்தனை முறை எண் அடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. அந்நீளத்தைத் தாங்காத பழைய மென்பொருள் கொண்ட திசைவிகள் தம் அண்டையரோடு தொடர்பை முறித்துக் கூடி, மீண்டும் முறித்தன. எவரோ ஒருவர் தட்டிய தவறான எண் எங்கோ இருந்த அண்டையரைப் பிரித்தது.

2010 ஆகஸ்டு 27 அன்றும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. விதிக்கு உட்பட்டே செய்யப்பட்ட ஓர் ஆய்வறிவிப்பைச் சில திசைவிகள் சிதைத்து அனுப்ப, பெற்ற அண்டையர் பிழையெனக் கண்டு உறவை முறித்தனர். அன்றைய விதி அவ்வாறே கூறியது. 2015 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 7606 அவ்விதியை மாற்றியது. பிழைபட்ட செய்தியில் உள்ள வழியை மட்டும் விலக்குக. இயன்றவரை உறவைக் காக்க என்பது அதன் சாரம்.

செய்யத்தக்கன

கண்டவற்றைத் தொகுத்து, எம் மாணவரின் குறிப்பில் நாம் எழுதித் தந்த ஒழுங்கு வருமாறு:

1. எதையும் மாற்றுமுன் இருபுறத்துப் பதிவேடுகளையும் எடுத்துவைக்க. இருபுறக் கடிகாரமும் ஒத்துள்ளதா எனக் காண்க.
2. உறவு எந்தப் படியில் நிற்கிறது, எவ்வளவு இடைவெளியில் முறிகிறது என எழுதுக.
3. படபடப்பு தொடங்கிய நாளில் என்ன மாற்றப்பட்டது என வினவுக.
4. கம்பி, ஒளி வலிமை, பிழைக் கணக்கு ஆகியவற்றை நோக்குக.
5. சிறு பொதியோடு நில்லாமல் பெரும்பொதியும் அனுப்பிச் சோதிக்க.
6. அண்டையை அடையும் வழி எங்கிருந்து கற்கப்பட்டது எனக் காண்க.
7. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. பயனில்லையெனில் பழைய நிலைக்கே மீட்க.
8. காத்திருப்புக் காலத்தை நீட்டுதல் இறுதியில் எண்ணத்தக்கது. நீட்டினால் உண்மையான முறிவையும் காலம் தாழ்த்தியே அறிவோம் என்பதை மறவற்க.

முடிவுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையாக ஆராயுமாறு கூறுவதனை நம் மாணவர் தேர்வுக்காக எழுதுகின்றனர். அதே மாணவர் இரவு இரண்டு மணிக்குப் பதிவேட்டின் முன் அமரும்போது அது நினைவுக்கு வருமாயின் நாம் கற்பித்தது வீண்போகவில்லை எனலாம்.

எம் மாணவர் அக்குறிப்பை அச்சிட்டுக் கண்காணிப்பு அறையின் சுவரில் ஒட்டியுள்ளார். அதன் ஒரு படி கோவைக் கிளைக்கும் சென்றது. அங்கிருக்கும் இளைஞர் அதனைப் படித்துவிட்டு ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்குமாறு வேண்டினார்: முறித்தவர் பெயரைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதற்க. சேர்த்துவிட்டோம்.